கொப்பெனின் தலைகீழ் வானம்

நெதர்லாந்தின் ஹார்லெம் அருங்காட்சியகத்தில், பழைய ஓவியங்களைச் சீரமைக்கும் கூடத்தில் ஆல்பெர்டீனுக்கு வாய் நீளம் என்று பெயர். வேலையிலும் கெட்டிக்காரி என்பதால் யாரும் அவளோடு மல்லுக்கு நிற்பதில்லை, வோபெ ஒருவனைத் தவிர. ஒரே சன்னல் வெளிச்சத்துக்கு வருடக்கணக்காக அடித்துக்கொள்ளும் சகாக்கள் இருவரும்.

இந்தத் தடவை சண்டை ஒரு வானத்துக்காக. ஏவெர்ட் கொப்பென் என்ற பழைய மகா ஓவியன் வரைந்த கப்பல் படம். பாய்களுக்கு மேலே பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் வானம். அது பின்னால் எவனோ பூசியது என்று சொல்லி, மறுநாள் காலை கரைப்பானால் துடைத்தெடுக்க மேலிடத்தில் சம்மதமும் வாங்கிவிட்டான் வோபெ. கொப்பெனே பூசியதுதான், நீலக் கண்ணாடியைப் பொடித்துச் செய்த சாயம், ஒரு காலத்தில் நீலமாக இருந்து நாளடைவில் சாம்பலாகிவிட்டது என்பது ஆல்பெர்டீனின் கட்சி. துடைத்துவிட்டால் போனது போனதுதான்.

"சாயம் எந்தப் பக்கம் வழிஞ்சிருக்கு பாரு," என்றான் வோபெ. "மேல் ஓரத்தைப் பார்த்து. வரைஞ்சவன் தன் படத்தைத் தலைகீழா வைப்பானா? பின்னால எவனோ சாய்ச்சு வச்சு ஒப்பேத்தியிருக்கான்."

"நீ நீலக் கண்ணாடிப் பொடியை அரைச்சு என்னிக்காவது பூசியிருக்கியா?"

"இல்ல."

"அப்ப பேசாம காபியக் குடி."

சோதித்துப் பார்க்க, ஆல்பெர்டீன் அந்தப் பொடியில் ஆளிவிதை எண்ணெய் விட்டுக் குழவியால் அரைத்தாள். நைசாக அரைத்தால் நீலம் வெளிறிவிடும். நறநறவென்று இருக்கும்போதே நிறுத்த வேண்டும். கப்பல் வரைந்து காய வைத்திருந்த பலகையில் வானத்தைப் பூசி நிமிர்த்தி வைத்தாள். மதியச் சாப்பாட்டுக்குள் நீலம் சரிந்து பாய்களின் மேல் இறங்கிவிட்டது.

"அம்மா தாயே, கப்பல் முழுகிடுச்சு," என்று சிரித்தான் வோபெ.

அவளுக்குச் சுருக்கென்றது. வழித்தெடுத்துவிட்டு மறுபடி பூசினாள். ஈரத்தின் மேலேயே பழுப்பில் ஒரு பாய்மரத்தை இழுத்து, பலகையைத் தலைகீழாக நிறுத்தினாள். சாயங்காலம் பார்த்தால் சாயம் மேல் ஓரத்தை நோக்கி வழிந்திருந்தது, கொப்பெனின் வானத்தில் இருப்பது போலவே. பாய்கள் சுத்தமாக இருந்தன.

"கொப்பென் விவரமானவன்," என்றாள். "பாய் மேல வழியக் கூடாதுன்னுதான் திருப்பி வச்சிருக்கான்."

"பின்னால வந்தவனும் திருப்பி வச்சிருக்கலாமே?"

"வச்சிருக்கலாம். ஆனா அதுக்குள்ள கொப்பெனோட பாய்மரம் காஞ்சிருக்கும், அவன் சாயம் அதுக்குள்ள போயிருக்காது. என் பலகையில பாரு, ஈரத்துல இழுத்ததால பழுப்புக்குள்ளயே நீலப் பொடி கலந்திருக்கு. கொப்பெனோட பாய்மரத்துலயும் பொடி இருந்தா வானம் அவனோடது. இல்லன்னா நாளைக்கு நானே துடைச்சுத் தர்றேன்."

நுண்ணோக்கியைக் கொப்பெனின் பாய்மரத்துக்கு நேராக நகர்த்திவிட்டு அவனையே முதலில் பார்க்கச் சொன்னாள்.

வோபெ குனிந்தான். குவியத்தைத் திருகித் திருகிப் பார்த்தான்.

"இருக்கு," என்றான் கடைசியில். "பழுப்புக்குள்ள, கண்ணாடிப் பொடி. நிறைய."

அவள் தன் பலகையை நேராக்கிச் சன்னலோரம் வைத்தாள். சாயங்கால வெயிலில் அந்த நீலம் பளீரென்று நின்றது. வோபெ அதையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இவ்வளவு நீலமாவா இருந்துச்சு?"

"இவ்வளவு நீலமாத்தான். இனி யாராலயும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது."

வோபெ கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"நாளைக்கு இந்நேரம் பாதி வானத்தத் துடைச்சிருப்பேன், ஆல்பெர்டீன்."

"நான் விட்டிருப்பேனா?" என்றாள் அவள்.