கம்பியில் எதுவும் நிற்கவில்லை

"ஒண்ணும் இல்ல அண்ணி, சுத்தம்!" என்று ஆய்வகக் கதவைத் திறந்துகொண்டு நான் கத்தியபோது, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணி பாதி கடித்த பிஸ்கட்டோடு எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள். "உங்க தங்கச்சி நல்ல சேதி சொல்லிட்டா. சீக்கிரம் வாங்க, வெளிய போய்ச் சாப்பிடலாம்."

மார்பில் கட்டியை எடுத்து, மருந்தெல்லாம் முடிந்து, இப்போதுதான் அவளுக்கு முடி குருவிக்கூடு மாதிரி வளர்ந்திருக்கிறது. போன ஸ்கேனில் ஏதோ ஒரு புள்ளி. "பார்க்கலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது? அதனால்தான் எங்கள் ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்க வந்தாள். "நாத்தனாருக்கு ரத்தத்தையே குடுத்த அண்ணி உலகத்துல நான் ஒருத்திதான்" என்று எல்லோரிடமும் பெருமை வேறு.

என் வேலை இதுதான். தபால்தலை அளவுக் கண்ணாடிச் சில்லு, அதில் முடி அகலத்துக்கு ஒரு வாய்க்கால், அதன் தரையில் மெல்லிய உலோகக் கம்பிகள். செல்களைச் சர்க்கரைத் தண்ணீரில் அலசி உள்ளே விட்டு, மின்சாரத்தைச் சரியான அதிர்வெண்ணில் வைத்தால் ரத்தச் செல்கள் விலகி ஓடிவிடும். புற்றுநோய்ச் செல் மட்டும் கம்பியில் ஒட்டி நிற்கும். நாங்களே வளர்த்த புற்றுச் செல்களை முதலில் ஓட்டி, அவை ஒட்டுகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர் ரத்தத்தை விட வேண்டும். எனக்கு எங்கே பொறுமை? அண்ணியின் துளியை முதலில் விட்டேன். கம்பியில் எதுவும் நிற்கவில்லை. ஓடி வந்துவிட்டேன்.

திரும்பி உள்ளே போனால், நாங்கள் 'நிதானம்' என்று பட்டம் வைத்திருக்கும் தோழி, நான் அலசி வைத்த வளர்ப்புச் செல்களை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"இதுவும் நிக்கலடி. எல்லாமே ஓடுது. எதுல அலசுன?"

பாட்டிலைப் பார்த்தேன். உப்புத் தண்ணீர். அதில் எந்தச் செல்லும் கம்பியை நெருங்காது. அண்ணியின் ரத்தத்தையும் இதில்தான் அலசியிருந்தேன்.

அந்தச் சிரிப்பை எந்த வாயால் பறிப்பது? வெளியே போய் நின்றேன்.

"அண்ணி, நான் சொன்னது செல்லாது. தப்பான தண்ணியில அலசிட்டேன். இருந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது."

அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அவசரக்குடுக்கை" என்றாள் கடைசியில். "எனக்காகத்தானே பறந்த? உங்க அண்ணன்கிட்ட இப்பச் சொல்லாத. பாவம், கொஞ்ச நேரமாவது சந்தோஷமா இருக்கட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மிச்ச ரத்தம் இருக்குல்ல? இந்தத் தடவ நானும் பாக்கறேன்."

வெளியாட்களை உள்ளே விடக்கூடாது. நிதானம் ஒரு வெள்ளைக் கோட்டை எடுத்து அண்ணியிடம் நீட்டினாள்.

இம்முறை சர்க்கரைத் தண்ணீர். பாட்டிலை நானும் நிதானமும் படித்துப் பார்த்தோம். வளர்ப்புச் செல்கள் திரையில் வந்தன, ஒவ்வொன்றாகக் கம்பியில் ஒட்டி நின்றன.

"ஓ, இதுங்கதானா?" என்றாள் அண்ணி. "பாக்கப் பயமாவே இல்லையே."

புதுச் சில்லைப் பொருத்தி அவள் துளியை விட்டேன். ரத்தச் செல்கள் கூட்டம் கூட்டமாக வந்து, கம்பிகளை விட்டு விலகிப் போயின. கூட்டம் குறைகிற நேரத்தில், சற்றே பெரிய புள்ளி ஒன்று கம்பியோரம் வந்து வேகம் குறைந்தது. நிற்கவில்லை, போகவும் இல்லை. அண்ணி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு திரையை நோக்கிக் குனிந்தாள்.

"போயிடுடா கண்ணு" என்றாள் அதனிடம், மிக மெதுவாக.