முள்ளுக்குள் மாட்டிய வீடு

என் புருஷன் சரீமுக்கு மூளை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருக்கிறது. அடுத்தவர் ஏதாவது சொன்னால் மட்டும் அது வேலை செய்யாது.

கம்போடியாவின் தோன்லே சாப் ஏரியில் எங்கள் வீடுகள் மூங்கில் தெப்பத்தின்மேல் மிதப்பவை. மழைக்காலத்தில் தண்ணீர் காட்டுக்குள் ஏறும்போது நாங்களும் கூடவே ஏறி, அலை அடிக்காத புதர் மறைவில் வீட்டைக் கட்டிப்போடுவோம். தண்ணீர் வடிந்தால் ஊரோடு ஏரிக்குத் திரும்பிவிட வேண்டும்.

இந்த வருஷம் தரை காய்ந்து கிடந்தபோதே சரீம் ராட்சசத் தொட்டாற்சிணுங்கிப் புதரின் நடுவில் வீட்டுக்கு இடம் வெட்டினார்.

"மாப்ளே, வேரோட பிடுங்கு. வெட்டிவிட்டா கொத்துக்கொத்தா கிளம்பும்" என்றார் என் அண்ணன் தாரித்.

"தொட்டாலே சுருங்குற செடிக்கா பயப்படுறீங்க மச்சான்!" என்று இவர் சிரித்தார்.

வெள்ளம் வந்தது, வீட்டை உள்ளே இழுத்துக் கட்டினோம். தண்ணீரோடு, வெட்டிய கட்டைகளில் கிளம்பிய முளைகளும் ஏறின. தெப்பத்தின் ஓரமெல்லாம் சுற்றிக்கொண்டு, மூங்கில் இடுக்குகளில் புகுந்து, கடைசியில் சமையல்கட்டுக்குள்ளேயே எட்டிப் பார்த்தன. ஒன்றை ஒடித்தால் நாலு வந்தது. நான் கத்தினேன். படகுப்போட்டித் திருவிழா முடியட்டும், கிளம்பிவிடலாம் என்றார் மகராசன்.

திருவிழா முடிந்தது. தண்ணீர் மடமடவென்று இறங்கியது. அண்ணன் மூன்று இயந்திரப் படகுகளைக் கட்டி எங்கள் வீட்டை இழுத்தார். தெப்பம் அலறியது, நாலைந்து மூங்கில் பிளந்தது, வீடு ஒரு முழம்கூட நகரவில்லை. அடியில் விரல் கனத்தில் இருந்த தண்டுகள் மணிக்கட்டுக் கனத்துக்கு முற்றிப் பின்னிக்கிடந்தன.

"இன்னும் இழுத்தா வீடு பிரிஞ்சிரும்" என்று அண்ணன் கயிற்றை அவிழ்த்தார். "தங்கச்சி, நீ ஏறு. நாளைக்கு இந்த ஓடையில படகே வராது."

எனக்கு எட்டாம் மாதம். மருத்துவச்சி கிம்லீயின் வீடு ஊரோடு ஏரிக்குப் போய்விட்டது. தண்ணீர் முழுக்க வற்றினால் இந்த முள்ளுக்குள் யாரும் வரவும் முடியாது, போகவும் முடியாது. வலி வந்தால் நான் யாரைக் கூப்பிடுவேன்?

"நீங்களும் வாங்க" என்றேன்.

"வீட்டுக்கடியில மீன்கூண்டு நிறைய கெளுத்தி கிடக்கு. விட்டுட்டு வந்தா ஒரு நாள்ல அள்ளிட்டுப் போயிருவானுங்க. நீ போ."

"பிள்ளை பொறக்கும்போது?"

"வந்துருவேன்."

"எப்படி? பறந்தா?"

அவர் அரிவாளை எடுத்துத் தெப்பத்தின் ஓரத்தில் வெட்ட ஆரம்பித்தார். வெட்டினார், வெட்டினார், வெட்டிக்கொண்டே இருந்தார். முன்கையெல்லாம் ரத்தக்கீறல். தலைக்குமேல் அந்தச் சனியன் ரோஜாநிறப் பூவோடு நின்றது. எனக்கு அவர்மேல் கோபம் பொங்கியது, பாவமாகவும் இருந்தது. இந்த மனுஷனை இங்கே விட்டுப் போனால் பிடிவாதத்திலேயே செத்துப்போவார் என்று பயந்தேன்.

தரைப் பலகையைத் தூக்கினேன். வயிறு இடிக்க மண்டியிட்டுக் கையை விட்டு, கூண்டுக் கதவின் கயிற்றை அறுத்தேன். மீன்கள் ஒரு நொடி திகைத்தன. பிறகு தண்டுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போய்விட்டன. முள் அவற்றை ஒன்றும் செய்யவில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்தவர் காலிக் கூண்டைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடிப் பாவி! இனிமே நான் இங்க எதைக் காவல் காக்க?"

"அதுக்குத்தான் திறந்தேன்" என்று சொல்லிவிட்டு, அண்ணன் நீட்டிய கையைப் பிடித்துப் படகில் இறங்கினேன்.

வெகுநேரம் அவர் வாசலிலேயே நின்றார். அண்ணன் இயந்திரத்தை முடுக்கவில்லை, நானும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "தள்ளி உக்காரு" என்றார் சரீம்.