விரல் நுழையாத வேலி

...சனி, ஞாயிறைக் கழித்துத்தானே எண்ணினோம், கழித்தாலும் இன்றோடு பத்து, ஆசிரியை மெரில்டா பள்ளி மைதானத்து மணலில் செருப்புப் புதையப் புதைய நடந்தபடி இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள், பத்துதான், தொடர்ந்து பத்து நாள் வராத பிள்ளையின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று துறையின் விதி சொல்கிறது, விதி எழுதியவனுக்கு நூரானைத் தெரியுமா, ஏழாம் வகுப்பில் பின்னக் கணக்கை மனதுக்குள்ளேயே போட்டுவிட்டு மற்றவர்கள் முடிக்கும்வரை சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, அந்தப் பிள்ளையை... மணி ஏழு நாற்பது, தென்கிழக்குக் காற்று கண்ணில் மண்ணை வாரிப் போட்டது, கையில் நான்காக மடித்த கேள்வித்தாள், பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மேல் இன்னும் ஒரு முழம் எழும்பி நிற்கும் புது வேலி. கம்பிகளை அவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருந்தார்கள், பிடித்து ஏறலாம் என்றால் விரல் நுழையாது, உச்சியில் முள். வேலி வந்து நின்ற அன்று காவலாள் பூட்டா ரஷீத், இங்கே பூட்டா என்றால் அண்ணன், இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "இனிமே எலி கூட உங்க கையெழுத்து வாங்கிட்டுத்தான் உள்ள வரணும் மிஸ்," என்றார், அவளும் சிரித்தாள், சிரித்தாளே.

வேலி கேட்டு ஆறு வருடம் எழுதிய கடிதங்கள், கடைசி இரண்டு வருடம் தலைமையாசிரியர் நாற்காலி காலியாகி, துணைத் தலைமையாசிரியையான அவளே எல்லாவற்றையும் சுமந்து எழுதியவை, குழாய்களைக் கழற்றிப் போனார்கள், கணினிகளைத் தூக்கிப் போனார்கள், ஒருநாள் கணக்குப் பாடத்தின் நடுவில் ஒருவன் துப்பாக்கியோடு வராந்தா வழியாக ஓடினான், அவனைத் துரத்தி இன்னும் இருவர், பிள்ளைகள் சொல்லாமலே மேசைக்கடியில் போய்விட்டார்கள், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. அதனால் கம்பிச் சுருள்களோடு லாரி வந்த அன்று அவள் அலுவலகத்துக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில்தான். வேலி போட்ட பிறகு ஒரு குழாய் கூடக் காணாமல் போகவில்லை, அதை யார் இல்லை என்பது. ஆனால் வேலி போடுமுன் துறை நிரப்பச் சொன்ன அந்தப் படிவம்... மாணவர்கள் எந்தெந்த வழியாக உள்ளே வருகிறார்கள், வரைபடத்தில் குறிக்கவும், என்று கேட்டிருந்தது. பழைய வேலியில் நெட்பால் கம்பத்துக்குப் பின்னால் ஒரு ஓட்டை, பல வருடத்து ஓட்டை, ஓரமெல்லாம் பிள்ளைகளின் பை உரசி வழுவழுப்பாகிவிட்டது, மைதானத்துக்கு அந்தப் பக்கக் குடியிருப்புகளிலிருந்து நாற்பது பிள்ளைகள் அதில் குனிந்துதான் வந்தார்கள், சாலையைச் சுற்றி வந்தால் அவர்கள் பக்கத்துத் துப்பாக்கிக் கும்பலுக்கு எதிர்க் கும்பலின் தெருமுனையைத் தாண்ட வேண்டும். வேலியில் ஓட்டையை வைத்துக்கொண்டா பள்ளி நடத்துகிறீர்கள் என்று போன முறை வந்த அதிகாரி எல்லோர் முன்னிலும் கேட்டிருந்தான், அந்த வெட்கத்தில், வெறும் வெட்கத்தில், "முன்வாசல் மட்டும்" என்று எழுதி, கோடு போட ஸ்கேல் எல்லாம் வைத்து, கையெழுத்தும் போட்டாள். அவள் எழுதியபடியே ஒரு அங்குலம் பிசகாமல் கட்டிக் கொடுத்துவிட்டார்கள், அரசாங்கத்தை என்ன குறை சொல்வது. இரண்டாவது வாசலுக்குப் புதிதாக விண்ணப்பியுங்கள், வரிசையில் மூன்று வருடம் ஆகும் என்றாள் துறையிலிருந்து தொலைபேசியில் ஒரு பெண், ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள்.

முப்பத்தொன்பது பிள்ளைகளைப் காவலுக்கு முன்வந்து பச்சைச் சட்டை போட்ட அம்மாக்கள் வரிசையாக நடத்திச் சாலை வழியே கூட்டி வருகிறார்கள், அவர்களை அந்தத் தெருமுனைப் பையன்கள் விட்டுவிடுகிறார்கள், நூரானை மட்டும் விடமாட்டார்கள், அவள் அண்ணன் போன மாதம் அவர்களில் ஒருவனைச் சுட்டான் என்று பேச்சு, சுட்டானோ இல்லையோ பேச்சு போதும். மூன்றாம் நாள் மெரில்டா தன் காரின் பின்சீட்டில் அவளைப் படுக்க வைத்துக் கூட்டிவந்து பார்த்தாள், வாசலுக்குப் பத்தடி முன்னால் ஒருவன் கண்ணாடியைத் தட்டினான், அவளிடமே நாலாம் வகுப்பு படித்தவன், குனிந்து பின்சீட்டைப் பார்த்தான், "நீங்க நல்லவங்க மிஸ். இன்னிக்கு ஒண்ணும் பண்ணல, இப்படியே திரும்பக் கொண்டுபோய் விட்டுருங்க. நாளைக்கு வேணாம்," என்றான், திட்டக்கூட இல்லை. அப்படியே காரைத் திருப்பிவிட்டாள். வேலியை அறுத்துவிடலாமா என்று பூட்டா ரஷீத்திடம் கேட்டும் பார்த்தாள், "அறுக்கலாம் மிஸ், பகல்ல நூரான் வருவா, ராத்திரி யார் வருவா?" என்றார்.

நெட்பால் கம்பத்துக்குப் பின்னால், சொல்லி அனுப்பியிருந்தபடியே, வேலிக்கு அந்தப் பக்கம் நூரான் நின்றிருந்தாள், சீருடை தேய்த்துப் போட்டு, பை மாட்டி, உள்ளே வருபவளைப் போலவே.

"எங்கம்மா கேக்கச் சொன்னாங்க மிஸ், இங்க நின்னா வந்த மாதிரி கணக்காகுமா?"

"வகுப்புக்குள்ள இருக்கணும்மா."

"நீங்க ஒரு டிக் போட்டா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டுவிட்டு அவளே, "தெரிஞ்சா உங்க வேலை போயிரும், இல்ல?" என்றாள், பன்னிரண்டு வயதில் இவளுக்கு இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது, மெரில்டா கேள்வித்தாளை இன்னும் ஒரு மடிப்பு மடித்துக் கம்பி இடுக்கில் செருகினாள், பாதி போய் நின்றது, அந்தப் பக்கமிருந்து நூரான் நகத்தால் இழுத்தாள், ஓரம் கிழிந்து தாள் வந்தது, இன்று இதை வாங்கிக்கொள்வாள், நாளை பெயரே இருக்காதே, பெயர் இல்லாத பிள்ளைக்கு எந்தத் தேர்வு, எந்த உயர்நிலைப்பள்ளி... அப்போது இரண்டு சத்தம், டப், டப், காரின் சத்தம் இல்லை, துப்பாக்கிதான், இங்கே யாருக்கும் அது குழம்பாது, மெரில்டா எப்போது குப்புற விழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, வாயில் மணல், கன்னம் வேலியின் அடிச் சிமெண்டில்.

"எந்திரிங்க மிஸ், அது தூரத்துல," நூரான் அந்தப் பக்கம் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள், "பென்சிலைப் போடுங்க, இங்கயே எழுதித் தர்றேன்." எழுந்திருக்க வேண்டும், பென்சில் பையில்தான் இருக்கிறது, ஆனால் மெரில்டா படுத்தே கிடந்தாள், சத்தம் கேட்ட அந்த நொடியில் இந்தப் பிள்ளை நினைவுக்கே வரவில்லை, நல்லவேளை வேலி போட்டாகிவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது, நெஞ்சு குளிர்ந்துகூடப் போனது, கம்பிக்கு அந்தப் பக்கம் தேய்த்த சீருடையில் நூரான் காத்துக்கொண்டிருந்தாள்.