அத்திம்பேரின் வண்டியைக் கழுவுதல்

அத்திம்பேர் அனந்தகிருஷ்ணன் ஒருபோதும் குரலை உயர்த்தியதில்லை. குடும்பத்தில் எல்லாரும் அவரைக் கண்டு நடுங்கியதற்கு அதுதான் காரணம். பம்பாய் செம்பூரில் நடந்த ஒரு கல்யாணத்தில் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் அவருடைய காரின் கதவில் ஸ்கூட்டரை லேசாக உரசிவிட்டான். அத்திம்பேர் அந்தக் கீறலைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பந்திக்குப் போய் உட்கார்ந்து பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்றிலிருந்து அந்தப் பையனின் பெயர் யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. அவனுக்கு வேலை கிடைத்ததா, கல்யாணமாயிற்றா என்பதுகூட யாருக்கும் தெரியாது.

அந்தக் கார்தான் இப்போது மாட்டுங்காவில், மாதவ் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே, வெள்ளி நிறத்தில் பளபளத்துக்கொண்டு நின்றது.

மாதவின் அக்காவும் அத்திம்பேரின் மனைவியுமான வந்தனாவுக்கு வங்கியில் ஹைதராபாத்துக்கு மாற்றல் வந்திருந்தது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்த அத்திம்பேரும் கூடப் போவதாக ஏற்பாடு. காரை என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது மாதவ் வாயைத் திறந்து கேட்டுவிட்டான். அவனுக்கு வேறு வழியில்லை. முட்டி ஆபரேஷன் ஆன அம்மா விஜயலக்ஷ்மியை அடிக்கடி சயானுக்கு பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டும். மாட்டுங்காவிலிருந்து பக்கத்திலிருக்கும் சயான் என்றால் டாக்ஸிக்காரர்கள் வரமாட்டேன் என்று சொல்லும் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்வதில்லை. ஆளே இல்லாததுபோல் நேராகப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். ஸ்டேஷன் படி அம்மாவால் ஏற முடியாது. சிகிச்சை இப்படியே தவறிக்கொண்டிருந்தால் முட்டி இறுகிப்போய்விடும், பிறகு மடங்கவே மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அக்காவோடு பாலக்காட்டுக்குத் தேர் பார்க்கக் கிளம்புமுன் அத்திம்பேர் சாவியை மாதவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தானே மூடிவிட்டார்.

"நான் திரும்பி வரச்சே வண்டி இப்ப இருக்கற மாதிரியே இருந்தா நீயே வெச்சுக்கோ மாதவா, அம்மாவுக்கு ஆகும். இல்லேன்னா வித்துடறேன். கோபமெல்லாம் ஒண்ணும் இல்லை."

மாதவ் சாவியைப் பத்திரமாகப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

நிபந்தனைகளும் இருந்தன. உறை போடக் கூடாது. உறை பெயிண்டைத் தேய்க்கும். காலையில் கட்டடத்துக் கார்களையெல்லாம் துடைக்கும் வேலைக்காரர் பையாவை அண்டவிடக் கூடாது. ஒரே பக்கெட்டில் ஒரே துணியை முக்கி, ஒரு வண்டியின் மண்ணை அடுத்த வண்டிக்கு விநியோகம் செய்கிறவர் அவர். தினமும் ஒரு போட்டோ அனுப்ப வேண்டும்.

முதல் நாள் போட்டோவுக்கு அத்திம்பேர் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினார். இரண்டாம் நாள் புறாக்கள் வந்தன.

மாட்டுங்கா புறாக்களுக்கு வேளாவேளைக்குத் தானியம் கிடைக்கிறது. தின்று முடித்து, கார் நிற்கும் இடத்துக்கு நேர்மேலே உள்ள சன்ஷேடில் நீதிபதிகள்போல வரிசையாக வந்து உட்கார்ந்தன. தீர்ப்பு பானெட்டில் விழுந்தது. புறா எச்சம் பெயிண்டை அரித்துவிடும் என்று மாதவ் எங்கோ படித்திருந்தான். உடனே கழுவ வேண்டும், அதுவும் வீட்டிலேயே, தன் கையாலேயே.

வீட்டில் கார் கழுவுவது எப்படி என்று போனில் தேடினான். அதுதான் முதல் தவறு. ஒருவர், பாத்திரம் தேய்க்கும் திரவத்தைத் தொட்டால் வண்டியின் மெருகு அன்றோடு காலி என்றார். இன்னொருவர் அதே திரவத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி கழுவிக் காட்டினார். இரண்டு பக்கெட் வேண்டும், ஒன்று சோப்புக்கு, ஒன்று துணியை அலச என்றார் ஒருவர்; மூன்றாவது இல்லாதவன் காரே வைத்திருக்கக் கூடாது என்றார் அடுத்தவர். மேலிருந்து கீழே கழுவ வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது, வெயிலில் கழுவவே கூடாது. இந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் எல்லாரும் ஒற்றுமையாக இருந்தார்கள். எல்லாருடைய வண்டிக்குப் பின்னாலும் பெரிய புல்வெளியும் யாரும் கேள்வி கேட்காத தண்ணீர்க் குழாயும் இருந்தன.

குர்லாவில் கார் சாமான் கடை வைத்திருக்கும் காலித்பாயிடம் போனான். எந்த ஷாம்பு நல்லது என்று கேட்டதற்கு, இது இம்போர்டட் என்றார் அவர். எந்தத் துணி கீறாது என்று கேட்டதற்கும் அதே பதில். இம்போர்டட் ஷாம்பு செர்ரிப்பழ வாசனை அடித்தது. துணி, கைக்குழந்தையைத் துடைக்கலாம்போல மெத்தென்றிருந்தது. மாதவுக்கு நம்பிக்கை வந்தது.

முனிசிபல் தண்ணீர் விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். மாதவ் எழுந்தபோது நின்றுபோயிருந்தது. மிச்சமிருந்தது போர்வெல் தண்ணீர். அதில் அரிசி வேகாது, பருப்பு வேகாது. கார் என்ன வேகவா போகிறது என்று நினைத்து இரண்டு பக்கெட்டிலும் அதையே பிடித்து இறக்கினான். மேலிருந்து கீழே, வட்டமில்லாமல், வீடியோவில் சொன்னபடியே கழுவினான். புறா எச்சம் சுவடில்லாமல் போயிற்று. துடைக்கத் துணியை எடுப்பதற்குள் எதிர்க்கட்டடத்தின் தோளுக்கு மேல் சூரியன் எட்டிப் பார்த்தது. பம்பாய் வெயில் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. வண்டி முழுவதும் தானாகக் காய்ந்து, அம்மைபோல வெள்ளை வெள்ளையாகப் புள்ளி கண்டது.

அன்றைய போட்டோவை மாதவ் தூரத்திலிருந்து, வண்டியின் பின்பக்கமாக எடுத்து அனுப்பினான். அத்திம்பேர் உடனே போனில் கூப்பிட்டார். தேர் நன்றாக நடந்ததாகவும், சாப்பாடு பிரமாதம் என்றும் சொன்னார். பிறகு, போட்டோவில் பானெட் ஏன் வரவில்லை என்று விசாரித்தார். வெளிச்சம் சரியில்லை என்றான் மாதவ்.

காலித்பாயைக் கூப்பிட்டான். புள்ளியை எடுக்க ஒரு திரவம் இருக்கிறது, இம்போர்டட், வந்து சேர நாலைந்து நாளாகும் என்றார். அத்திம்பேரின் ரயில் அதற்குள் வந்துவிடும். மாதவ் சோபாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து விஷயத்தைக் கேட்டாள். போர்வெல் தண்ணீரின் வெள்ளைக் கறை என்றதும் அவள் முகம் தெளிந்தது. அவளுடைய வெள்ளிக் குத்துவிளக்கு, பஞ்சபாத்திரம் எல்லாம் அந்தத் தண்ணீரில் பட்டு மீண்டவைதான்.

"இதுக்கா இப்படி உக்காந்திருக்கே? வெள்ளிக்கு விபூதியாக்கும். ஈரத்துணில தொட்டுண்டு தேய். பளீர்னு ஆயிடும்."

"அம்மா, அது வெள்ளி இல்லை. கலர்தான் வெள்ளி."

"பின்னே தங்கத்துக்குத் தேய்க்கறதையா தேய்ப்பா?"

மெருகுப் பூச்சு, அழுக்கெடுக்கும் களிமண் கட்டி, பளபளப்பு மெழுகு என்று அத்தனை வீடியோ பார்த்தவன், ஒரு விபூதிப் பொட்டலத்தோடு படியிறங்கினான். புறாக்கள் குனிந்து பார்த்தன.

அம்மா விளக்கு தேய்ப்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன். நடு மூன்று விரலில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, விபூதியைத் தொட்டு, பானெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுத்தி ஒரு இழுப்பு. புள்ளிகள் மறைந்தன. அவன் சந்தோஷத்தில் மறுபடி மறுபடி இழுத்தான். தண்ணீர் ஊற்றிக் கழுவினான். காய்ந்தபின் பார்த்தபோது, பளபளத்த பானெட்டின் குறுக்கே மங்கலாக மூன்று கோடுகள் தெரிந்தன. ஒரு நெற்றியில் இருப்பதுபோல, அவ்வளவு கச்சிதம். துடைத்தான், போகவில்லை. ஷாம்பு போட்டான், செர்ரி வாசனை மட்டும் கூடியது. கோடுகள் பெயிண்டின் மேல் இல்லை, பெயிண்டிலேயே இருந்தன.

மாடி வீட்டு மாமி கீழே வந்தவள், பூஜை போட்டாச்சா என்று கேட்டு வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

அத்திம்பேர் அக்காவை ஸ்டேஷனிலிருந்து செம்பூர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பெட்டியோடு நேரே மாட்டுங்காவுக்கு வந்தார். மாதவ் கீழே காத்திருந்தான். அவர் வண்டியை ஒரு சுற்று வந்தார். பானெட்டுக்கு முன்னால் நின்றார். மூன்று விரல்களை நீட்டி, மூன்று கோடுகளின் மேல் வைத்தார். பொருந்தின. விரலை முகர்ந்து பார்த்தார்.

"மேல போலாம்" என்றார். "பசிக்கறது."

சாப்பிடும்போது தேரைப் பற்றி அம்மாவிடம் விஸ்தாரமாகச் சொன்னார். அம்மாவின் முட்டியைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கியபோது, பரிமாறிய மாதவுக்கு அந்தக் கல்யாணத்துப் பாயசம் ஞாபகம் வந்தது.

கை கழுவிவிட்டு வந்து ஜன்னலருகே நின்று கீழே பார்த்தார். "வண்டிய விக்கலை. அம்மாவுக்கு சயான் போகணுமே, பாவம்."

மாதவ் கையைக் கூப்பினான். "ரொம்ப தேங்க்ஸ் அத்திம்பேர்."

"ஆனா அத இனிமே ஒத்தர் கூட இருந்து பார்த்துக்கணும். வந்தனா ஹைதராபாத் போகட்டும், அவளுக்கு ஆஃபீஸ்ல குவார்ட்டர்ஸ் தரா. நான் இங்கேயே இருந்துக்கறேன். இந்த ஜன்னல்லேருந்து நன்னா தெரியறது."

அம்மா, "பேஷா இருங்கோ மாப்பிள்ளை" என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்? சயானுக்கு வண்டி வேண்டும்.

மாதவ் வராந்தாவுக்குப் போய் அக்காவைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். அவள் அதை மறுபடி ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு மெதுவாக, "அவருக்குக் காப்பி ஆறக் கூடாதுடா, அது மட்டும் பார்த்துக்கோ" என்றாள். அந்தக் குரலில் இருந்தது துக்கம் என்று மாதவால் சத்தியம் செய்ய முடியாது.

உள்ளே, நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.