ஒரு ஸ்டிக்கர் போதாது

குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. வீட்டிலும் அதைத்தான் செய்கிறேன் என்பார் என் கணவர். ஒரு தையல் கம்பெனியில் பதினோரு வருஷமாக நின்றுகொண்டே சட்டை செக் பண்ணுகிறேன். எங்கள் மேஜையில் ஒரே விதிதான். முதல் குறை கண்ணில் பட்டதும் அங்கே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிட வேண்டும். அதே சட்டையில் இன்னொன்றைத் தேடினால் சூப்பர்வைசர் அக்கா வள்ளென்று விழுவாள்.

இரண்டு வருஷமாக எனக்கு இடது விலாவில் வலி. மூச்சை இழுத்தால் குத்தும். மூன்று டாக்டர்களைப் பார்த்தாயிற்று. ஒருவர் வாயு என்றார், ஒருவர் சுளுக்கு என்றார். மூன்றாமவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல். மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனசு விலாவிலா இருக்கிறது?

"நார்மல்னா சந்தோஷப்படணும். நீ மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க" என்றார் கணவர்.

"இந்த நார்மல ஒரு நாள் நீங்க வச்சுப் பாருங்க" என்றேன்.

உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு நாற்காலி கேட்டேன். என்ன நோய் என்று டாக்டர் எழுதித் தந்தால்தான் என்றார் மேனேஜர். இல்லாமல் நிற்க முடியாது என்றால் மாதக் கடைசியோடு வேலை கிடையாதாம். நானாவது விடுவதாவது!

அந்த வாரம் காலர் சரிசெய்து வந்த சட்டை ஒன்றில் கையில் ஓட்டை இருந்தது. ரிப்பேர் தையல்காரரிடம் சண்டைக்குப் போனேன்.

"நீ காலர்லதானே ஒட்டுன? கையில ஓட்டைன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. நானும் மூன்று டாக்டர்களிடம் விலாவை மட்டும்தான் காட்டியிருந்தேன். கழுத்து, தோள், இடுப்பு, முட்டி, தூங்கி எழுந்தாலும் அடித்துப் போட்டாற்போன்ற அசதி எதையும் சொல்லவில்லை. அதெல்லாம் நின்று நின்று வருவது என்று தள்ளிவிட்டேன். எனக்கே என் மேல் கோபம் வந்தது.

நான்காவது டாக்டரிடம் போகிற அன்று காலையில் பழைய உடுப்பைப் போட்டுக்கொண்டு வலிக்கிற இடத்திலெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டினேன். முதுகுப் பக்கம் கை எட்டவில்லை. கணவரைக் கூப்பிட்டேன். முதலில் சிரித்துக்கொண்டேதான் ஒட்டினார். ஆறாவதில் சிரிப்பு நின்றுவிட்டது.

"இங்கயுமா? எங்கிட்ட விலான்னு மட்டும்தானே சொன்ன?"

"எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லித் தொலைச்சேன்."

அப்படியே போய் நின்றேன். அந்த டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்தார். தூக்கத்தைப் பற்றிக் கேட்டார்.

"ஃபைப்ரோமயால்ஜியாவா இருக்கலாம். உடம்பு முழுக்க வலி, அசதி, தூக்கக் கோளாறுன்னு வரும். ஸ்கேன்ல தெரியாது. வேற எதுவும் இல்லையான்னு ரத்தத்துல பார்க்கணும். சட்டுனு போகாதும்மா, ஆனா சமாளிக்கலாம்."

"எழுதிக் குடுங்க டாக்டர்."

"இன்னும் உறுதி ஆகலையே."

"சந்தேகம்னே எழுதுங்க. வாங்காம நான் எழுந்திருக்கிறதா இல்ல."

எழுதிவிட்டார். நின்று வேலை பார்க்கக் கூடாது என்றும் சேர்த்து எழுதினார்.

மறுநாள் மேனேஜர் அதை இரண்டு தரம் படித்தார். "சந்தேகம்னுதானே போட்டிருக்கு?"

"உக்காந்து பேசலாம் சார்" என்று அவருக்கு எதிரே கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, செக்கிங்குக்கு ஒரு நாற்காலி அனுப்பச் சொன்னார். நான் மூச்சை இழுத்துவிட்டேன். விலாவில் குத்தியது. குத்தட்டும்.