பள்ளத்துக் காற்று

மேட்டில் பிறந்தவனுக்கு மூச்சும் இரவல் என்று சட்டம் எழுதி வைத்திருந்தது பள்ளத்து நகரம். நாலாயிரம் மீட்டர் உயரத்தில், மெலிந்த காற்றில் ஏழைகள். கீழே, கெட்டியான காற்றில், மரநிழலில் செல்வர்கள். உழைக்க வருபவன் காலையில் இறங்கலாம், மாலையில் ஏறிவிட வேண்டும். உழைத்து ஓய்ந்தவனோ இறங்கவே கூடாது.

முப்பது ஆண்டுகள் அவர்களுக்காக ஈயம் வெட்டி, நுரையீரலில் கல்தூசி நிறைந்துபோன யூசேபியோவுக்கு அதனால்தான் கீழே இறங்கும் அனுமதிச் சீட்டு இல்லை. இந்த உயரத்தில் இன்னும் ஒரு வாரம் தாங்கமாட்டார் என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். பதினாறு வயது மகள் நைராவிடம் சீட்டு இருந்தது. பள்ளத்து மாளிகையில் தரை துடைப்பவள் அவள்; திருநாள் நெருங்கினால் மேட்டுச் சந்தையில் பொம்மையும் விற்பாள். தங்கும் சீட்டோடு அங்கேயே சமைக்கும் அம்மா, அவரை ஒளித்துவைக்கக் கீழ் நிலையத்தில் காத்திருந்தாள்.

அன்று அலாசித்தா திருநாள். விரும்புவதைச் சின்னஞ்சிறு பொம்மையாக வாங்கி, நண்பகல் மணி பன்னிரண்டும் அடித்து ஓயும்வரை கண்மூடிப் புகையில் காட்டினால், ஆண்டுக்குள் அது கைகூடும். ரோப்கார் நிலைய வரிசையில் பலர் கையில் தூபக்கால் கனன்றது. நைராவின் கையிலும்.

தடுப்புக்கட்டையருகே காவலன் செவேரோ நின்றான். பள்ளத்தார் தைத்துக்கொடுத்த சீருடைக்குள் ஒரு மேட்டுக்காரன்.

"யாரு, யூசேபியோ அண்ணனா? சுடுகாட்டுக்கு வழி அந்தப் பக்கம்ணே!"

"உன் வாய்க்கு வரி போட மறந்துட்டாங்கடா," என்று இருமினார் யூசேபியோ.

"சீட்டு?"

"எனக்கு இருக்கு. அப்பாவுக்கு இல்ல," என்றாள் நைரா.

"அப்ப ஓரமா நில்லு தாயி. என் பொழப்புல மண்ணைப் போடாத."

நண்பகலுக்கு ஒரு நிமிடமே இருந்தது. நைரா குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்து சந்தையில எங்கிட்ட பொம்மை வீடு வாங்கினீங்களே, புல்தரை வச்சது, புகை காட்டியாச்சா?"

"கத்தாத. பையிலதான் இருக்கு. கட்டையை விட்டு நகர்ந்தா வேலை போயிடும்."

"நாலு எட்டுதான் அண்ணே. கரி நல்லாக் கனலுது. விட்டா அடுத்த வருஷம்தான்."

முதல் மணி அடித்தது. அவன் அசையவில்லை. இரண்டாவது மணிக்கு உதட்டைக் கடித்தான். மூன்றாவது மணிக்கு நாலு எட்டில் வந்து, களிமண் வீட்டைப் புகையில் நீட்டிக் கண்களை மூடினான்.

நைரா தன் சீட்டை அப்பாவின் உள்ளங்கையில் திணித்தாள். அவர் குனிந்து கட்டைக்கு அடியில் நுழைந்தார். ரோப்கார் கூண்டுக்குப் பத்தடி. தொண்டையில் இருமல் முட்டியது. ஒரு செருமல் போதும், அந்தக் கண்கள் திறந்துவிடும். மூச்சே இல்லாத மனிதர், இருந்த கொஞ்சத்தையும் வாய்பொத்தி அடக்கினார்.

ஏழாவது மணி. எட்டு. அவர் கால் தடுமாறியது. நைராவால் ஓடிப்போய்ப் பிடிக்கவும் முடியாது. தூபக்கால் நடுங்கினால் போயிற்று. ஒன்பது. அவர் கதவுக் கம்பியைப் பற்றினார். பத்து. பதினொன்று. கதவு மூடியது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் மடங்கி மடங்கி இருமினார். சத்தம் வெளியே வரவில்லை.

பன்னிரண்டு. செவேரோ கண் திறந்தான்.

"பெரியவர் எங்க?"

"என் சீட்டுல இறங்கிட்டார்."

அவன் கை ஊதலுக்குப் போனது.

"ஊதுங்க," என்றாள் நைரா. "கட்டைய விட்டு ஏன் நகர்ந்தீங்கன்னு கேப்பாங்க. சொல்லுங்க."

ஊதல் உதட்டருகே நின்றது. பிறகு கீழே இறங்கியது.

"பைத்தியமா உனக்கு? இனி உனக்கு வேற சீட்டு தரமாட்டாங்கடி."

"தெரியும்."

கூண்டு மேகத்துக்குள் அமிழ்ந்தது. நைரா வரிசைக்கு எதிராக, மெலிந்த காற்றுக்குள் மேடேறினாள்.