ஹாஜிரா பீக்குத் தரை தெரிய வேண்டும்

1

இப்போதெல்லாம் ஒரு வேலை நடக்கவில்லை என்றால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. போனை நீட்டிப் படம் பிடிக்கிறார்கள். அதை நாற்பது பேருக்கு அனுப்புகிறார்கள். நாற்பது பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அழுக்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இந்தக் கதை அப்படி ஒரு படத்திலிருந்துதான் வந்தது. அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் நீச்சல் குளத்துத் தரையில் ஒரு மிஷின், அதைச் சுற்றி வண்டல். படத்துக்குக் கீழே ஒரு கேள்வி: "லாரன்ஸ் என்னதான் செய்கிறார்?"

எனக்குச் சுருக்கென்றது. பதில் எழுத உட்கார்ந்தேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன், சுருக்கமாக எழுத வராது. பதில் கதையாகிவிட்டது.

முதல் வரியை இப்படி ஆரம்பித்தேன்: "நீல வானம் நீல நீரில் முகம் பார்த்துக்கொண்டிருந்த அந்த இனிய காலையில் லாரன்ஸ் —"

அடித்துவிட்டேன். பக்கத்து மனையில் கட்டடம் எழும்புகிறது. நாள் முழுக்க எம்-சாண்ட் தூசு பறந்து குளத்தில் விழுகிறது. அதில் எந்த வானம் முகம் பார்க்கும்?

2

லாரன்ஸுக்கு அறுபத்தெட்டு வயது. சாந்தோம் குப்பத்துக்காரன். (வயதானவனை 'அவன்' என்று எழுதுவதா என்று கேட்காதீர்கள். அவனை எனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் மரியாதை வரவில்லை.) இருபது வருஷமாக அந்தக் குளத்தை நீளக் கழியில் பிரஷ் கட்டித் தேய்த்தவன். எவர் சொன்னாலும் நம்பமாட்டான். மழை பெய்தால்கூடக் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒதுங்குவான்.

பொங்கலுக்குப் பிறகு, குடியிருப்பின் செக்ரட்டரி கல்யாணராமன் மிஷினை வாங்கிவந்தார். மஞ்சள் நிறம், நாலு சக்கரம், அடியில் ரப்பர் பிரஷ், வால் போல நீளமான ஒயர். தண்ணீருக்குள் இறக்கிவிட்டால் தானே தரையில் ஊர்ந்து, அழுக்கை உறிஞ்சி, வயிற்றிலிருக்கும் வலைக்கூடையில் சேர்த்துக்கொள்ளுமாம். வந்த புதிதில் ஓரளவு செய்தது. போகப்போக ஊர்வலம் மட்டும் போனது, வண்டலைத் தொடவில்லை.

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால், ஹாஜிரா பீக்கு.

பி பிளாக்கில் இருப்பவர். அறுபத்திரண்டு வயதில், நாலு மாதமாக நீச்சல் பழகுகிறார். இடுப்பளவு தண்ணீரில் நன்றாகவே போவார். ஆழமான பாதி வந்ததும் திரும்பிவிடுவார். திங்கட்கிழமை வீட்டைக் காலி செய்துகொண்டு ஆம்பூருக்கு, மகள் வீட்டோடு இருக்கப் போகிறார். அங்கே குளமும் இல்லை, கடலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள்.

"லாரன்ஸ் பாய், கீழ இருக்கற கறுப்புக் கோடு தெரியணும். தெரிஞ்சா அந்தச் செவுரு வரைக்கும் போயிடுவேன். தெரியலன்னா போவ மாட்டேன்."

"நான் பாய் இல்லம்மா."

"எனக்கு எல்லாரும் பாய்தான். நீ கோட்டக் காட்டு."

3

(இந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ரிப்பேர் வேலையை யார் படிப்பார்கள்? ஆனால் ஒரு மனுஷன் ரிப்பேர் பார்க்கும்போதுதான் அவன் யார் என்று தெரிகிறது. இருக்கட்டும்.)

புதன்கிழமை: ஒயர் முறுக்கிக்கொண்டிருந்தது. முறுக்கு இருந்தால் மிஷின் ஒரே இடத்தில் சுற்றும். மொட்டைமாடியில் ஒயரை நேராக நீட்டி வெயிலில் போட்டான். முறுக்கு போனது. வண்டல் போகவில்லை.

வியாழன்: உள்ளே காற்று அடைத்திருந்தால் தரையில் அழுந்தாமல் மிதக்கும். மிஷினைத் தண்ணீருக்குள் குப்புறக் கவிழ்த்துக் குமிழி வரும்வரை பிடித்திருந்தான். குமிழி வந்தது. வண்டல் போகவில்லை.

வெள்ளி: பிரஷ்ஷில் சிக்கியிருந்த தலைமுடியை எல்லாம் எடுத்தான். கையளவு முடி. வண்டல் —

கல்யாணராமன் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சார் இது, மாமியார் ஊட்டுக்கு வந்த புது மாப்ள மாரி செவுத்து ஓரமாவே போய்க்கினு கீது?"

"அது மேப் போட்டுண்டிருக்குப்பா. எங்க சுவர், எங்க ஆழம்னு தானே கத்துண்டு போறது."

"மூணு மாசமா மேப் போடுது. இந்நேரம் எங்காளு கட்டுமரத்துலயே இலங்கைய சுத்திட்டு வந்துருப்பான்."

"உனக்கு மிஷின்னா ஆகாது, ஒத்துக்கோயேன்."

"மிஷின் மேல இன்னா கோவம் எனக்கு. நம்பிக்கதான் இல்ல."

4

சனிக்கிழமை ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையிலிருந்து அஃப்தாப் வந்தார். இந்த மாதிரி மிஷின்களைப் பதினைந்து வருஷமாகப் பிரித்துப் பூட்டுகிறவர். சக்கரத்தையோ பிரஷ்ஷையோ தொடவே இல்லை. நேராக மேல்மூடியைத் திறந்து வலைக்கூடையைத் தூக்கினார்.

கூடைக்குள் இரண்டாக மடித்த வெள்ளைத் துணி. சேறு அப்பி, உலர்ந்த தோல் மாதிரி விறைத்திருந்தது.

"மூக்கக் கட்டிட்டு மூச்ச இழுன்னா எப்டி நைனா இழுக்கும்? யார் போட்டது இத?"

இங்கே நான் எழுதிய வரி: "கல்யாணராமன்தான் அந்தத் துணியை —"

அடித்துவிட்டேன். கதைதானே, அவர் தலையில் கட்டினால் யார் கேட்கப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் அப்படியே விட்டும் வைத்திருந்தேன். தூக்கம் நன்றாகத்தான் வந்தது, ஆனால் கதை நகரவில்லை.

போட்டது நான். லாரன்ஸ் நான்தான். இது தெரிந்துவிட்டதால் ஒன்றும் மாறப்போவதில்லை, அவனை அவனாகவே விட்டுவிடுகிறேன்.

அவன் கெடுக்க நினைத்துச் செய்யவில்லை. வலையின் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. இவ்வளவு பெரிய ஓட்டையில் எம்-சாண்ட் தூசு எப்படி நிற்கும்? மிஷின் வந்த சில நாளிலேயே தன்னுடைய பழைய வேட்டியைக் கிழித்து உள்ளே விரித்தான்.*

(* சென்னையில் தண்ணீர் பிடிப்பவர்களுக்கு இது புரியும். குழாய் வாயில் ஒரு வெள்ளைத் துணி கட்டாமல் நாம் யாரும் குடத்தை வைப்பதில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை துணியை அவிழ்த்து அலசுவோம். தண்ணீருக்கடியில் ஊர்கிற மிஷினுக்கு யார் அலசுவது? அதை அவன் யோசிக்கவில்லை.)

"நான்தான்," என்றான் லாரன்ஸ்.

கல்யாணராமன் எழுந்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பார்த்தியா, பார்த்தியா. மிஷின் மேல ஒரு தப்பும் இல்லை."

அஃப்தாப் அவர் பக்கம் திரும்பினார். "சார், பொடித் தூசுக்குன்னு தனியா ஒரு வல பெட்டியிலயே வந்துருக்குமே. அது எங்க?"

கல்யாணராமன் மெல்லச் சொன்னார்: "ஆத்துல பீரோக்குள்ள இருக்கு. புதுசு. தேஞ்சு போயிடுமேன்னு..."

"கவரு?"

"பிரிக்கலை."

அஃப்தாப் படிக்கட்டில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். லாரன்ஸும் சிரித்தான். கல்யாணராமன் கொஞ்ச நேரம் விறைப்பாக நின்று பார்த்தார், முடியவில்லை. மூன்று பேரும் சிரித்ததில் வாட்ச்மேன் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

5

ஞாயிறு காலை. பொடி வலை மாட்டிய மிஷின் முந்தின மத்தியானம் இரண்டு சுற்றுப் போயிருந்தது. தரை தெரிந்தது. கறுப்புக் கோடு, நீல டைல்ஸ், யாரோ தொலைத்த ஒரு ஹேர்பின்.

ஹாஜிரா பீ முழுக்கை நீச்சல் உடுப்பில் இறங்கினார்.

முதல் முடிவு: "ஹாஜிரா பீ ஒரு மீனைப் போல —" அடித்துவிட்டேன். மீனை உயிரோடு பார்த்தவன் அப்படி எழுதமாட்டான்.

இரண்டாவது முடிவு: பாதியில் அவர் தத்தளிக்க, லாரன்ஸ் லுங்கியோடு குதித்து — இல்லை. அவனை வீரனாக்க எனக்கு ஆசைதான். ஆனால் அவன் குதிக்கவில்லை.

நடந்தது இதுதான். பாத்திரம் உருளுகிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு அவர் போனார். ஆழம் தொடங்குகிற இடத்தில் ஒரு நொடி கை நின்றது. லாரன்ஸ் கரையில் ஓரடி எடுத்து வைத்தான். கை மறுபடி அசைந்தது. கோணாமல், கோட்டின் மேலேயே போய், அந்தப் பக்கச் சுவரைத் தொட்டார். தொட்டதும் சிரித்த சிரிப்பில் தண்ணீரைக் குடித்து இருமினார்.

"பார்த்தேளா," என்று கைதட்டினார் கல்யாணராமன். "மிஷின் பண்ணின வேலை. தரை கண்ணாடியா தெரியறது."

"தரையா? நான் எங்க பாத்தேன்? ஆழம் வந்ததும் கண்ண மூடிக்கினேன்."

கைதட்டல் நின்றது.

"கண்ண மூடிக்கினு இவ்ளோ நேரா வர முடியாதும்மா," என்றான் லாரன்ஸ். "கடல்லயே பாத்துக்கீறேன். கோணிக்கினுதான் போவும்."

"என் கண்ணு பாய். மூடுனனா தொறந்தனான்னு எனக்குத் தெரியாதா?" சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பிரித்து எழுத முடியவில்லை. செக்ரட்டரியைச் சீண்டினாரா, நிஜமாகத்தான் சொன்னாரா?

கண் திறந்திருந்தால் மிஷினுக்கும் அந்த நாலு நாள் உழைப்புக்கும் அர்த்தம் உண்டு. மூடியிருந்தால் நாங்கள் பட்டதெல்லாம் வீண், தாண்டியது அவர் ஒருவர்தான். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

"இன்னொரு தடவ வரேன்," என்றார் ஹாஜிரா பீ, சுவரைப் பிடித்துக்கொண்டே. "நீயே குனிஞ்சு என் கண்ணப் பாத்துக்கோ."

லாரன்ஸ் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தான்.

"பாக்காமப் போறியே பாய்?"

"பாத்தா மட்டும் நம்பிடுவனா?"

அவன் போனால் நானும் போகவேண்டியதுதான். பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது, அவர் கிளம்பிவிட்டார். நீங்கள் இருங்கள். இருந்து, குனிந்து பாருங்கள்.